எந்தக் கேள்விக்கு எந்தக் கடவுள்?

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் சிங்கவரம். ஊரை ஒட்டிய குன்றில் பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று உண்டு. அதற்குள் அரங்கநாதர் பாம்பணைமேல் பள்ளி கொண்டிருக்கிறார். அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில் திருநாதர்குன்று. அதன் உச்சிப் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். செஞ்சிக் கோட்டைக்குள் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் 1717-18இல் எழுப்பிய பள்ளிவாசல் நிற்கிறது. ராஜகிரி மலைமேல் கமலக்கண்ணியம்மன் இருக்கிறாள். இதே வட்டாரத்து மேல்மலையனூரில் அங்காளம்மன். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம். கடவுள் என்றால் என்ன என்பதற்கு மனிதர் சொன்ன விடைகளில் பெரும்பாலானவை இந்தச் சிறு நிலப்பரப்பில் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் புற்றுமண்ணாகவும் கண்ணெதிரே இருக்கின்றன. இவற்றையெல்லாம் சுற்றிப் பார்த்து வருகிறவர் வாயில் இயல்பாக வரும் வாக்கியம், ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பது. நல்லெண்ணத்தில் பிறந்த வாக்கியம்தான். ஆனாலும் அது தவறு என்றே நினைக்கிறேன். இந்த இடங்கள் ஒரே கேள்விக்கு வெவ்வேறு மொழியில் சொன்ன ஒரே விடையைத் தரவில்லை. ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகள்கூட இவை அல்ல. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளாமல் விடையை மட்டும் ஒப்பிடுவதால்தான் கடவுளைப் பற்றிய பேச்சு ஒன்று சண்டையில் முடிகிறது, அல்லது பொருளற்ற சமாதானத்தில் முடிகிறது.

முதலில் சிங்கவரத்து அரங்கநாதரையே பார்க்கலாம். ஏறக்குறைய 24 அடி நீளமுள்ள இந்தத் திருமேனி வேறெங்கோ செதுக்கிக் கொண்டுவந்து வைத்ததன்று. குன்றின் பாறையிலேயே வடித்தது. தாய்ப்பாறையோடு ஒட்டியே கிடப்பது. இந்தக் கடவுளை இடம் மாற்ற முடியாது. அவருக்குத் திருமஞ்சனம் வேண்டுமானால் அர்ச்சகர் செய்ய வேண்டும். அமுது வேண்டுமானால் யாராவது படி ஏறிக் கொண்டுவர வேண்டும். வைணவ ஆசாரியர்கள் இதை ஒரு குறையாகக் கருதியதே இல்லை. பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்று இறைவனின் ஐந்து நிலைகளை அவர்கள் வகுத்தார்கள். அவற்றுள் எளியவனுக்கும் எட்டுவது அர்ச்சைதான் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலான ஒருவன் தானாகவே இறங்கி வந்து, பக்தன் குளிப்பாட்டினால் குளித்து, ஊட்டினால் உண்டு, படுக்கவைத்த இடத்தில் படுத்திருக்கச் சம்மதிக்கிறான் என்பது அவர்களுடைய துணிவு. கடவுளின் பெருமை அவனுடைய எளிமையில் இருக்கிறது என்ற இந்தக் கருத்து, ‘எனக்கு என்று யார் இருக்கிறார்கள்?’ என்ற கேள்விக்குச் சொன்ன விடை. அந்தக் கேள்வி இல்லாதவருக்கு இந்த விடை வெறும் கல். இருப்பவருக்கு அது உலகத்தையே தாங்குகிற பாறை.

திருநாதர்குன்றில் நிலைமை நேர்மாறு. ஒரு பெரும்பாறையின் முகத்தில் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் தீர்த்தங்கரர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி அமர்ந்திருக்கிறார்கள். கையில் ஆயுதம் இல்லை. அபயம் காட்டும் கையும் இல்லை. வருகிறவரைப் பார்த்து அவர்கள் எதையும் சொல்வதில்லை, தருவதில்லை. அந்தக் குன்றிலேயே பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் இது என்று அது சொல்கிறது. வட்டெழுத்து உருவாகிவந்த காலத்தைக் காட்டும் சான்றாகக் கல்வெட்டறிஞர்கள் அதை மதிக்கிறார்கள். அதே குன்றில் பிற்காலத்தில் இளையபட்டாரர் என்பவர் முப்பது நாள் நோன்பிருந்து உயிர்விட்டதையும் இன்னொரு கல்வெட்டு பதிந்திருக்கிறது. சமணத்தில் உலகைப் படைத்தவன் என்று ஒருவன் இல்லை. உயிர்கள் தம் வினையால் கட்டுண்டு, தம் முயற்சியால் விடுபடுகின்றன. தீர்த்தங்கரர் அப்படி வென்று கரையேறியவர். அவரை வணங்குவது அவரிடம் எதையும் பெறுவதற்காக அன்று. அவர் அடைந்ததைத் தானும் அடையலாம் என்று நினைவில் இருத்துவதற்காக. இங்கே எழும் கேள்வி, ‘மனிதன் எதுவரை உயர முடியும்?’ என்பது. ஐம்பத்தேழு நாள் நோன்பு அதற்குச் சந்திரநந்தி தன் உடலாலேயே எழுதிய விடை.

கோட்டைப் பள்ளிவாசலின் மேற்குச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறது. உள்ளே எதுவும் இல்லை. இருக்கவும் கூடாது. அது திசையைக் காட்டுகிறது; எந்த உருவத்தையும் காட்டுவதில்லை. ‘எதற்கும் ஒப்பில்லாத ஒன்றின் முன்னால், மன்னனும் கூலியாளும் ஒரே வரிசையில் எப்படி நிற்பது?’ என்பது இஸ்லாம் கேட்கும் கேள்வி. இறைவனை எந்த உருவத்துக்குள் அடக்கினாலும் அந்த ஒப்பற்ற தன்மை குறைந்துவிடும் என்ற அச்சம், அந்த மாடத்தின் வெறுமையைக் காத்துநிற்கிறது. மேல்மலையனூரில் அங்காளம்மனின் பழைய வடிவம் புற்று. அங்கே பிரசாதம் சாம்பல். அமாவாசை இரவில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். மாசியில் மயானக் கொள்ளை நடக்கிறது. பிரமன் தலையைக் கொய்த சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டு, பிச்சைக்காரனாக அவன் அலைந்தபோது, அவனை அதிலிருந்து மீட்டவள் அங்காளி என்பது தலபுராணம். சிவனுக்கே பழி சேரும். சிவனையே ஒரு பெண் காப்பாற்ற வேண்டியிருக்கும். ‘சுடுகாட்டையும் பேயையும் பழியையும் என்ன செய்வது?’ என்று கேட்கிறவர்களின் தெய்வம் இவள். பள்ளிவாசலின் மாடமும் புற்றும் ஒன்றுதான் என்று சொல்வது இரண்டு பக்தர்களையும் ஒருசேர அவமதிப்பதாகும். புற்றின் முன் நிற்பவள் தூய்மையான சூனியத்தைத் தேடி வரவில்லை. மாடத்தை நோக்கி நிற்பவர் சாம்பலைத் தேடி வரவில்லை.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஞானிகளின் பெயரால் வரும். திருமூலர் முதல் வள்ளலார் வரை பெரியவர்கள் எல்லாரும் இறை ஒன்றே என்றுதானே சொன்னார்கள், நீங்கள் வேற்றுமையைத் தோண்டி எடுப்பது எதற்கு என்று கேட்கலாம். பெரியவர்கள் சொன்னதை முழுதாகக் கேட்க வேண்டும். இறை ஒன்று என்பது, இருக்கும் எல்லாக் கொள்கைகளுக்கும் மேலே நின்று சொன்ன தீர்ப்பாகாது. அதுவும் ஒரு கொள்கைதான். திருநாதர்குன்றுச் சமணர் அதை ஏற்கமாட்டார். படைத்தவனே இல்லை என்பவரிடம், அந்தப் படைத்தவன் ஒருவனே என்று சொல்லிச் சமாதானம் செய்ய முடியாது. வள்ளலார் 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தார். உருவத்துக்குப் பதிலாக ஒளியை முன்வைத்தார். தம் கடைசிக் காலத்தில், சமயங்கள் எல்லாம் சரி என்று சொல்லி அவர் நிறைவடையவில்லை. சமயப் பற்றையே விடச் சொன்னார். உயிரிரக்கம் ஒன்றே இறைவனை அடையும் வழி என்றார். பசித்தவன் முகத்தைப் பார்த்து எழுந்த கேள்விக்கு அவர் சொன்ன புது விடை அது. ஒருமை பேசிய ஞானி ஒவ்வொருவரும் உண்மையில் தம்முடைய தெளிவான கேள்வி ஒன்றிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கூர்மையை மழுக்கிவிட்டு ‘ஒன்றுதான்’ என்ற முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. வேற்றுமை இவ்வளவு ஆழம் என்று ஒப்புக்கொண்டால், சண்டைக்கு நாமே வழி திறந்துவிட மாட்டோமா? இந்த அச்சத்துக்குச் செஞ்சி வரலாற்றிலேயே ஆதாரம் உண்டு. 1597இல் செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர், சிதம்பரம் கோயிலுக்குள் கோவிந்தராசப் பெருமாள் சந்நிதியைப் பெரிதாக்கும் திருப்பணியில் இறங்கினார். அந்தப் பெருமாள் சோழர் காலத்தில் அகற்றப்பட்டு, 1539இல் விசயநகரத்து அச்சுதராயரால் மீண்டும் நிறுவப்பட்டவர். தில்லைத் தீட்சிதர்கள் திருப்பணியை எதிர்த்தார்கள். அரசர் கேட்கவில்லை. எதிர்த்தவர்கள் கோபுரத்திலேறிக் குதித்து உயிர்விட்டார்கள். அப்போது அந்த வழியாக வந்த பிமென்டா என்ற சேசுசபைத் துறவி, இருபது பேர் வரை அப்படி மாண்டதாக எழுதிவைத்தார். கடவுளைப் பற்றிய வேற்றுமை மனிதரைக் கொன்றதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி வேண்டாம் என்று தோன்றும்.

ஆனால் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். சிதம்பரத்தில் மோதியவர்கள் யார்? வேதத்தை ஒப்பியவர்கள், ஆகமத்தை ஒப்பியவர்கள், படைத்துக் காத்து அழிக்கும் ஒரு பரம்பொருள் உண்டு என்பதிலும், அவன் கோயிலில் எழுந்தருளுவான் என்பதிலும் ஒத்த மனம் உடையவர்கள். அவர்களுக்கு இடையிலிருந்த வேற்றுமை, அரங்கநாதருக்கும் தீர்த்தங்கரர்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையில் ஒரு சிறு பங்குகூட இராது. அங்கே சண்டைப்பட்டது எந்தக் கூடத்தில் யாருக்கு இடம், யாருக்கு முதல் மரியாதை, அரசன் கை யார் பக்கம் என்பதற்காக. அதிகாரம் ஒரு பக்கம் சாய்ந்தபோதுதான் கோபுரத்தின் உயரம் மரணத்தின் உயரமானது. வரையறைகள் மாறுபடுவதால் மட்டும் மனிதர் ஒருவரையொருவர் கொன்றிருந்தால், சிங்கவரமும் திருநாதர்குன்றும் அருகருகே இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருக்க வாய்ப்பில்லை. சமணர்மீது பகையே இருந்ததில்லை என்று சொல்லவரவில்லை. தமிழகத்தில் அவர்களுடைய எண்ணிக்கை சுருங்கிய வரலாறு கசப்பானது. அங்கும் வாதத்தில் தோற்றதைவிட, அரச ஆதரவும் நிலமும் கைமாறியதே அவர்களை அதிகம் வீழ்த்தியது என்பது என் வாதம்.

தேசிங்கு ராஜன் கதையும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1714இல் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்த அந்த இளம் ராஜபுத்திரனைத் தமிழ்க் கதைப்பாடல் சிங்கவரத்து அரங்கநாதரின் பக்தனாக்கியது. போருக்கு விடை கேட்கக் கோயிலுக்குப் போகிறான். பெருமாள் சம்மதிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவன் கேட்காமல் போகிறான், மடிகிறான். அவனோடு தன் கல்யாணத்தையும் விட்டுவிட்டு வந்து மடிகிறவன் முஸ்லிம் தோழன், கதைப்பாடலின் மோவுத்துக்காரன். எதிரிப் படையின் தலைவரும் முஸ்லிம். இந்தக் கதையைக் கட்டிப் பாடியவர்களுக்குக் கடவுளைப் பற்றிய வரையறை, யார் யாரோடு நிற்பது என்பதை முடிவு செய்யவில்லை. நட்பும் வீரமும் கப்பப் பிரச்சினையும் முடிவு செய்தன. அதே சமயம் அந்தக் கதைக்குள் கடவுளைப் பற்றி நுட்பமான புரிதல் ஒன்றும் இருக்கிறது. பக்தன் அழிவை நோக்கிப் போவது தெரிந்தும், அரங்கநாதர் அவனைப் பிடித்து நிறுத்துவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள மட்டுமே செய்கிறார். எல்லாம் வல்லவனானாலும் மனிதனின் விருப்பத்தை மீறாத கடவுள் இவர். ‘என் பிழைக்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டுக்கொண்ட கிராமத்துப் பாடகர்கள், எந்தச் சாத்திரத்தையும் புரட்டாமல் கண்டெடுத்த விடை இது.

இந்த இடத்தில் மூன்றாவது மறுப்பு வரும். சாதாரண மக்கள் கடவுளை வரையறுப்பதே இல்லை, கும்பிடுகிறார்கள், அவ்வளவுதான், வரையறை என்பது பண்டிதர் வேலை என்று சொல்வார்கள். சனிக்கிழமை பெருமாளையும் அமாவாசையில் அங்காளியையும் கும்பிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தர்காவில் மந்திரிக்கவும் போகும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். உண்மை. ஆனால் அவர்கள் எதை எங்கே கேட்கிறார்கள் என்று கவனித்தால் வரையறை பிடிபடும். பில்லி சூனியத்துக்குப் பெருமாளிடம் யாரும் போவதில்லை. மோட்சம் கேட்டு அங்காளியிடம் வருகிறவர்கள் குறைவு. கொண்டுபோகும் பொருள், கேட்கும் வரம், நிற்கும் தூரம், பேசும் குரல் எல்லாமே வரையறைகள்தாம். வாயால் சொல்லாத வரையறைகள். ஒரே மனிதருக்குள்ளும் கேள்விகள் பல. ஆகவே தெய்வங்களும் பல. இதைக் குழப்பம் என்று பண்டிதர் நினைக்கலாம். வாழ்க்கை ஒருவரிடம் எத்தனை கேள்விகளை எழுப்புகிறது என்பதற்கான நேர்மையான கணக்கு இது என்றே நான் கருதுகிறேன். அரசர்களுக்கும் இது தெரிந்திருந்தது. செஞ்சியிலிருந்து எட்டும் தொலைவிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் ஒரு கோயிலைக் குடைந்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்ட பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், அதைப் பிரமன், சிவன், விஷ்ணு என்று மூவருக்குமாகச் செய்தான். மூன்று அறைகளையும் அருகருகே தனித்தனியாகவே வைத்தான்.

நான்காவது மறுப்பு பகுத்தறிவாளருடையது. மனிதனின் தேவைக்கேற்பத் தெய்வம் மாறுகிறது என்றால், தெய்வம் மனிதன் செய்துகொண்டது என்றுதானே பொருள்? பெரியார் வாழ்நாள் முழுக்கச் சொன்னதும் இதைத்தானே? மாடு வரைந்தால் தெய்வம் மாட்டுருவில்தான் இருக்கும் என்ற கருத்தைக் கிரேக்கச் சிந்தனையாளர் செனாபனிஸ் கிறிஸ்துவுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். இந்த மறுப்பில் பாதி முழு உண்மை. வரையறை மனிதனுடையதுதான், அதை வானத்திலிருந்து யாரும் இறக்கிவைக்கவில்லை. ஆனால் கேள்வி மனிதனிடம் பிறந்ததால் விடை பொய்யாகிவிடாது, மெய்யாகியும் விடாது. நோயைப் பற்றிய கேள்வியும் மனிதனிடம்தான் பிறந்தது. மருத்துவம் அதனால் பொய்யாகவில்லை. கடவுள் இல்லை என்பதும் இந்த வரிசைக்கு வெளியே நின்று சொல்லும் சொல் அல்ல. கடவுளின் பெயரால் ஒருவனைக் கீழானவன் என்று சொன்ன சமூகத்திடம், ‘அவன் நின்று வணங்க அனுமதியில்லாத கோயிலில் இருப்பது எப்படி அவனுக்குக் கடவுளாகும்?’ என்று எழுந்த கேள்விக்குப் பெரியார் சொன்ன விடை அது. இந்தக் கேள்வியைப் பக்தர்களும் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் தயங்கியதால் நாத்திகர் கேட்க நேர்ந்தது. படைப்புக் கடவுளை மறுப்பது இந்த மண்ணுக்கு அயலானதும் அன்று. திருநாதர்குன்றின் பாறை அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சாட்சி.

அப்படியானால் எல்லா விடைகளும் சரியா? யாரும் யாரையும் மறுக்கவே கூடாதா? இல்லை. கேள்வி வேறு என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் நேர்மையான மறுப்பே சாத்தியமாகிறது. தமிழில் இதற்கு நல்ல மரபு உண்டு. மணிமேகலையில் ஒரு காதை முழுவதும், வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையைச் சொல்ல அவள் கேட்கிறாள். கேட்டு முடித்த பிறகே தன் வழியைத் தேர்கிறாள். நீலகேசி சமணத் தரப்பில் நின்று பௌத்தர் முதலிய பலரோடு வாதிடுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பதினான்கு தரப்புகளை எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு தரப்பையும் அதன் வாயாலேயே சொல்லவைத்து, பிறகுதான் மறுக்கிறார். எதிராளியின் கொள்கையை அவனே ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கே அதை மறுக்கும் தகுதி உண்டு என்பது அந்த நூல்களின் அறம். அவர்கள் எழுத்தில் கடுமை இருக்கிறது. சில இடங்களில் ஏளனமும் இருக்கிறது. ஆனாலும் எதிர்த்தரப்பை ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லி அவர்கள் இல்லாமலாக்கவில்லை. இன்று நம்மிடம் மறுப்பும் குறைந்துவிட்டது, கேட்பதும் குறைந்துவிட்டது. மிஞ்சியிருப்பது முழக்கம்.

இது வெறும் தத்துவச் சர்ச்சையும் அல்ல. சட்டம் வரைக்கும் போகிற காரியம். சென்னை மாகாணத்து இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த சிரூர் மடம் வழக்கில், மதம் என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சொல்ல வேண்டியிருந்தது. கடவுள் நம்பிக்கை இருந்தால்தான் மதம் என்ற வரையறையை நீதிபதிகள் ஏற்கவில்லை. பௌத்தமும் சமணமும் கடவுளை ஏற்காத மதங்கள் என்பதைச் சுட்டிக்காட்டினார்கள். ‘எல்லாரும் ஒரே கடவுளைத்தான் கும்பிடுகிறார்கள்’ என்பதை அளவுகோலாக அவர்கள் எடுத்திருந்தால், சமணர் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நின்றிருப்பார்கள். 2015இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சமணரின் சல்லேகனை நோன்பைத் தற்கொலையாகக் கருதித் தடை செய்தது. சில வாரங்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. உயிர் இறைவன் கொடுத்தது, அதை விட நமக்கு உரிமையில்லை என்ற நம்பிக்கையிலிருந்து பார்த்தால் சந்திரநந்தியின் ஐம்பத்தேழு நாள் ஒரு குற்றம். கொடுத்தவன் யாரும் இல்லை, உயிர் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள வேண்டும் என்ற நம்பிக்கையில் அது நிறைவு. நோன்பை அனுமதிக்கலாமா என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் எந்தக் கேள்விக்கு அது விடை என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

ஆகவே என் வேண்டுகோள் எளிமையானது. நம் பள்ளிகளில் சமய நல்லிணக்கம் என்று, எல்லா மதங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கொஞ்சம் வளர்ந்ததும் அது உண்மையில்லை என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். அந்த ஏமாற்றத்தில் சிலர் எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள்; சிலர் தம் மதம் மட்டுமே உண்மை என்று இறுகுகிறார்கள். அதற்குப் பதிலாக வேற்றுமையை வேற்றுமையாகவே சொல்லிக்கொடுக்கலாம். சிங்கவரத்தில் ஒருவர் என்ன கேட்கிறார், திருநாதர்குன்றில் ஒருவர் என்ன கேட்கவே மறுக்கிறார், பள்ளிவாசலில் எதை வைக்கக்கூடாது, மேல்மலையனூரில் எதை ஒதுக்கக்கூடாது என்று விளக்கினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். பெரியவர்களும் இன்னொருவரைப் பார்த்து ‘உனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘உன் வாழ்க்கை உன்னை என்ன கேட்கிறது?’ என்று கேட்டுப் பார்க்கலாம். வரும் விடையோடு நாம் உடன்படாமல் போகலாம். ஆனால் எதிரில் இருக்கும் மனிதரை அப்போதுதான் முதன்முறையாக அறிந்துகொள்வோம். நல்லிணக்கத்துக்கு அந்த அறிதல் போதும்; ஒரே கடவுள் தேவையில்லை.